சாப்பிட்டியா மேடம்

கதவில் மாட்டியிருக்கிற பலகையில் ‘மருத்துவப் படிப்பு ஆலோசகர்’ என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கல்லூரியில் யாரிடமாவது ஆலோசகர் அறை எங்கே என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். ‘சாப்பிட்டியா மேடம்’ ரூம் எது என்று கேளுங்கள், கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். இரண்டாவது மாடி, தண்ணீர் மெஷினுக்கு அடுத்த அறை. அந்த மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கர்ரென்று உறுமும். புதிதாக வருகிறவர்கள் தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பார்கள். மேடம் கண்ணைக்கூடச் சிமிட்டமாட்டார். பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறாரே.

பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றுமில்லை. மருத்துவம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பக்கம் பக்கமாக நிரப்பி, கண் மங்கி, கழுத்து வலித்து, அப்பாடா என்று கடைசிப் பக்கத்துக்கு வந்தால் அங்கே ஒரு கேள்வி நிற்கும்: ‘உங்கள் விண்ணப்ப விவரங்களை உங்கள் கல்லூரி ஆலோசகர் பார்க்கலாமா?’ பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம், இல்லை. ‘ஆம்’ என்று டிக் போட்டால் அந்தப் பிள்ளையின் பெயர் மேடத்தின் திரையில் வந்துவிடும். எந்தெந்தக் கல்லூரிக்குப் போட்டிருக்கிறது, எந்தத் தாள் இன்னும் போய்ச் சேரவில்லை, கடைசியில் இடம் கிடைத்ததா இல்லையா, எல்லாம் தெரியும். முடிவு வருகிற நாளில் காலை எட்டு மணிக்கே மேடத்தின் திரைக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் போகும்.

அந்த நாலு மணி நேரம்தான் மேடத்தைப் பிடித்த சனி. இடம் கிடைத்தவர்களை அவர் கூப்பிடமாட்டார். நல்ல சேதி தானாகப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிடுவார். கிடைக்காதவர்களைத்தான் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு மனுஷக் குரல் சொன்னால் தேவலை என்று அவர் நினைப்பு. ஆனால் ‘கிடைக்கலை’ என்று எடுத்த எடுப்பில் சொல்ல வாய் வராது. அதனால், “அம்மாடி, சாப்பிட்டியா?” என்று ஆரம்பிப்பார். பையனாக இருந்தால் “தம்பி, சாப்பிட்டியா?” வெறும் வயிற்றில் கேட்கக்கூடிய சேதியா அது?

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? இரண்டே வருஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். காலையில் போன் வந்து அந்தக் கேள்வி காதில் விழுந்தால் சோலி முடிந்தது என்று அர்த்தம். ஒருத்தன், “இனிமே எங்க மேடம் சாப்பிடறது” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். அன்றைக்கு மேடமும் சாப்பிடவில்லை.

இந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டு வந்தவரும் இல்லை. வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவ வைத்து, பிள்ளைகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்து, தன் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தார். அப்போது இருந்த ஆலோசகர் விடுப்பில் போக, “ரெண்டு மாசம் பாத்துக்கோங்க” என்று முதல்வர் சாவியைக் கையில் கொடுத்தார். போனவர் திரும்பி வரவேயில்லை. சாவியை யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. முதல்வரே மூன்று பேர் மாறிவிட்டார்கள்.

அவர் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை. பேச்சுக் குறைவு, குறும்பு அதிகம். முடிவு வருகிற நாளில் மேடம் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கு எத்தனை பேர் சாப்பிட்டாங்க?” என்பார். “பதினொண்ணு” என்பார் மேடம். அதற்கு மேல் அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு இருக்காது. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு விளக்கைக் குறைத்துவிடுவார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டு வருகிற பெண்ணுக்கு நாம் என்ன சொல்ல என்று அவருக்கு எண்ணம்.

ஊசிப் பொண்ணு என்று மேடம் மனசுக்குள் கூப்பிடுகிற பெண் ஒருத்தி உண்டு. அந்தக் கல்லூரியில் படித்து முடித்து ஐந்து வருஷம் ஆகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற கவுண்டரில் வேலை. வீட்டில் அம்மாவுக்கு நடமாட்டம் இல்லை. காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி உட்காரவைத்துவிட்டு ஊசி பிடிக்க வருவாள். வேலை முடிந்து போய்ப் படிப்பாள். அப்படிப் படித்துத்தான் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். அந்த மதிப்பெண் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். முதல் வருஷம் கிடைக்கவில்லை. இரண்டாம் வருஷமும் இல்லை. இது மூன்றாவது. இதுவும் போனால் மறுபடி முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். “இன்னொரு தடவை அதைப் படிக்க என் உடம்புல தெம்பு இல்ல மேடம்” என்று அவளே சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது முகத்தில் அழுகைகூட இல்லை, அவ்வளவு அசதி.

செப்டம்பரில் வந்து, இந்த வருஷத்து விண்ணப்ப எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். வருஷா வருஷம் எண் புதிதாகத் தருவார்கள். அந்த எண்ணைப் போட்டுத்தான் ஆலோசகர் தன் பரிந்துரைக் கடிதத்தை அனுப்ப வேண்டும். கடிதம் இல்லாத விண்ணப்பத்தை எந்த மருத்துவக் கல்லூரியும் திரும்பிக்கூடப் பார்க்காது. மேடம் இரண்டு நாள் உட்கார்ந்து, பழைய கடிதத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதிதாக எழுதினார். இத்தனை வருஷத்தில் எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான் என்று அவருக்கே தோன்றியது. அனுப்பிவிட்டு அவளுக்கும் தகவல் சொன்னார்.

அக்டோபரில் திரையில் பட்டியல் வந்தது. நாற்பது பேர். மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். ஊசிப் பொண்ணு இல்லை. ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறாள்.

மேடத்துக்குச் சுருக்கென்றது. பக்கத்து மேசையில் உதவித்தொகை பார்க்கிறவர், “என்ன மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார்.

“ஒண்ணுமில்ல. ஒரு பொண்ணு கதவைச் சாத்திட்டா.”

“சாத்தினா நல்லதுதானே? ஒரு போன் மிச்சம்.”

நியாயமான பேச்சுதான். அந்த நியாயம் மேடத்துக்கு எரிச்சலாக வந்தது. ரெண்டு வருஷமாக அவளுக்காக நான் பட்ட பாடென்ன, இவள் பண்ணுகிற காரியமென்ன என்று இரண்டு வாரம் உள்ளுக்குள் பொருமினார். பிறகு அதையும் மறந்தார். மறக்கிற அளவுக்கு மேசையில் வேலை குவிந்து கிடந்தது.

கடிதங்களுக்குக் கடைசி நாள் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அன்று காலையில் மேடம் ஒரு வேலை வைத்திருப்பார். பிள்ளைகள் கொடுத்த எண் சீட்டுகளை ஒரு பக்கமும், கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு வந்த ஒப்புகைத் தாள்களை ஒரு பக்கமும் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, பின் அடித்துக் கோப்பில் போடுவார். நாற்பது சோடி முடிந்தது. கடைசிச் சீட்டு ஊசிப் பொண்ணுடையது.

எண் ஒத்துவரவில்லை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சீட்டில் ஒரு எண், தாளில் வேறு எண். தாளில் இருந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். தங்குதடையில்லாமல் வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. அது போன வருஷத்து எண். போன வருஷம் பூராவும், கிடைத்ததா கிடைத்ததா என்று தினம் தட்டித் தட்டிப் பார்த்து மனப்பாடம் ஆன எண். இந்த வருஷம் கடிதம் அனுப்பும்போது சீட்டைப் பார்க்கவே இல்லை. விரல் தானாக அடித்துவிட்டது. இணையதளமும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது. மற்ற நாற்பது பேரில் யார் எண்ணும் அவருக்கு மனப்பாடம் கிடையாது. அதனால் அவர்கள் கடிதமெல்லாம் ஒழுங்காகப் போயிருக்கிறது. பாசம் வைத்த இடத்தில்தான் பாழாய்ப்போன தப்பு நடந்திருக்கிறது.

அவள் மட்டும் ‘ஆம்’ போட்டிருந்தால், கடிதம் வரவில்லை என்று அந்த வரியில் சிவப்பு விழுந்திருக்கும். அக்டோபரிலேயே தெரிந்திருக்கும்.

சரி, இப்போது அனுப்பிவிடலாம் என்று சீட்டை எடுத்தால் அதிலும் ஒரு கண்டம். பத்து இலக்கத்தில் மூன்றாவதும் ஒன்பதாவதும் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. மை ஊறியிருந்தது. உத்தேசமாகப் போட்டால் யாரோ முன்பின் தெரியாதவர் விண்ணப்பத்தில் போய் உட்கார்ந்துவிடும். போன் போட்டார், அணைத்து வைத்திருந்தது. கவுண்டரில் இருக்கிறவர்கள் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. மேடம் சீட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். முழங்கால் கெஞ்சியது. கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே போய்ப் பேச விடவில்லை. “டோக்கன் எடுத்துட்டு உக்காருங்கம்மா” என்றார் வாசல் காவலாளி.

“நான் ரத்தம் குடுக்க வரலை.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

மேடம் டோக்கன் எடுத்தார். தொண்ணூற்றிரண்டு. பலகையில் ஐம்பத்தெட்டு ஓடியது. சுற்றிலும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்ப்பதும் பலகையைப் பார்ப்பதுமாக ஒன்றரை மணி நேரம் போனது.

“கையை நீட்டுங்க” என்றாள் ஊசிப் பொண்ணு, நிமிராமலே.

“நான்தாம்மா.”

நிமிர்ந்தாள். முகம் வெளிறிவிட்டது. “மேடம்! இன்னும் முடிவு வர நாள் இருக்கே?”

“முடிவு இல்லம்மா. தப்புப் பண்ணிட்டேன். உன் கடிதம் போன வருஷத்து நம்பருக்குப் போயிடுச்சு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணணும். சீட்டுல ரெண்டு நம்பர் புரியல.”

அவள் ரப்பர் பட்டையை எடுத்து மேடத்தின் கையில் கட்டினாள். “சூப்பர்வைசர் பாக்கறாரு. நீங்க பேசிட்டே இருங்க.” பட்டை இறுகியது. கொஞ்சம் அதிகமாகவே இறுகியது. “சீட்டுல எழுதிக் குடுத்தேனே மேடம். பாத்து அடிக்கறதுக்கு என்ன?”

“பாக்கல. பழைய நம்பர் மனப்பாடமா இருந்துச்சு.”

“என் நம்பரா?”

“ஆமா.”

“எனக்கே ஞாபகம் இல்லையே” என்றாள். பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேடத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நீ ஆம்னு டிக் போட்டிருந்தா அப்பவே சிவப்பு விழுந்திருக்கும். ஏம்மா போடல? நான் உனக்கு என்ன பண்ணினேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணல மேடம். போன வருஷம் இதே நாற்காலியில ஒரு சின்னக் குழந்தை. நரம்பே கிடைக்கல. மூணு தடவை குத்திட்டேன். அது அழுது, அவங்கம்மா அழுது, ஒருவழியா முடிச்சிட்டு டீ குடிக்கப் போனேன். போனைத் திறந்தா நீங்க. சாப்பிட்டியான்னு கேட்டீங்க.” பஞ்சை எடுத்து, குத்தாத இடத்தில் வைத்து அழுத்தினாள். “என் வாழ்க்கைச் சேதி மேடம். எனக்கு வந்த சேதி, எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு வருஷமும் அப்படித்தான். இந்தத் தடவை நல்லதோ கெட்டதோ, முதல்ல நானே பாக்கணும்னு நெனச்சேன். அவ்வளவுதான்.”

பத்தொன்பது வருஷமாக உபகாரம் என்று நினைத்துச் செய்துவந்ததை ஒருத்தி இரண்டு நிமிஷத்தில் உரித்து மேசைமேல் வைத்துவிட்டாள். மேடத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் சொன்னது சரி என்று பட்டது.

அவள் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரியைக் கிழித்து, அதன்மேல் பத்து இலக்கத்தையும் எழுதினாள். ஏழுகளுக்கு நடுவில் அழுத்தி ஒரு கோடு போட்டாள். அதை மேடத்தின் மணிக்கட்டில் ஒட்டி, “இது தொலையாது. போங்க மேடம், ஓடுங்க” என்றாள். பலகையில் தொண்ணூற்று மூன்று விழுந்தது.

கடிதம் மூன்று மணி இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது. எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து, வாய்விட்டுப் படித்து அடித்தார். ஒப்புகைத் தாளை மூன்று தடவை ஒத்துப் பார்த்தார். ‘போயிடுச்சும்மா’ என்று அவளுக்கு ஒரு வரி அனுப்பினார். இரவு எட்டு மணிக்கு ‘சரி மேடம்’ என்று பதில் வந்தது. பிளாஸ்திரியை உரித்து வீச மனசு வரவில்லை. மேசை நோட்டின் அட்டையில் ஒட்டிவைத்தார்.

முடிவு வந்தது மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்குத் திரையைத் திறந்தார். நாற்பது பேர் இருக்க வேண்டிய பட்டியலில் நாற்பத்தொன்று என்றிருந்தது. கடைசி வரியில் ஊசிப் பொண்ணு. டிக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முந்தின நாள் மாற்றியிருக்கிறாள்.

முடிவு இருக்கிற பத்தி திரையில் வலது பக்கம் தள்ளி இருக்கும். நகர்த்தினால்தான் தெரியும். மேடத்தின் கை நகர்த்தப் போனது, நின்றது. ‘முதல்ல நானே பாக்கணும்’ என்றாளே. நம்பிக் கதவைத் திறந்திருக்கிறாள், அதற்காக முந்திக்கொண்டு உள்ளே நுழைவதா? ஆனால் மற்ற நாற்பது பேரையும் பார்த்தாக வேண்டும். நோட்டு அட்டையிலிருந்து அந்தப் பிளாஸ்திரியை உரித்து, கடைசி வரியின் வலது கோடியில் திரைமேலேயே ஒட்டினார். பிறகு நகர்த்தினார்.

அன்றைக்கு ஒன்பது பேருக்கு இல்லை. ஒன்பது பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி அடிக்கிற வரைக்கும் போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பத்துக்கு மேல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பார்த்துவிட்டவர்களிடம்தான் பேசினார். சாப்பிட்டியா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, “நான் இங்கதான் இருக்கேன், தோணும்போது வா” என்று மட்டும் சொன்னார். ஒருத்தி, “நீங்க சாப்பிட்டியான்னு கேக்கவே இல்லையே மேடம்” என்று அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

ஊசிப் பொண்ணு கூப்பிடவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. தண்ணீர் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர், “கம்ப்யூட்டருக்கு என்ன காயம் மேடம்?” என்றார். மேடத்தின் கண் அந்தப் பிளாஸ்திரியையே பார்த்தது. நகத்தால் ஒரு ஓரம் கிளப்பினால் போதும். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

“மேடம்” என்றாள். பின்னால் டோக்கன் மணி கேட்டது.

“சொல்லும்மா.”

“நீங்கதான் சொல்லணும்.”

“நான் பாக்கலம்மா. பிளாஸ்திரி போட்டு மூடி வச்சிருக்கேன். நீதானே முதல்ல பாக்கணும்னு சொன்னே?”

“ஐயோ மேடம்!” என்று கத்திவிட்டாள். “நீங்க பாக்கணும்னுதானே டிக்கை மாத்தினேன்! எனக்குத் திறக்கத் தைரியம் இல்ல. காலையில சூப்பர்வைசர்கிட்டக் கெஞ்சிப் போனைப் பாக்கெட்லயே வச்சிருந்தேன். கிடைக்கலைன்னா நீங்க எட்டு மணிக்கே கூப்பிடுவீங்க. கூப்பிடலை. ஒன்பது ஆச்சு, பத்து ஆச்சு, கூப்பிடலை. அப்ப கிடைச்சிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “காலையிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போறவளாவே வேலை பாத்தேன் மேடம். நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஷிஃப்ட் முடியப் போகுது. வீட்டுக்குப் போனா அம்மா கேப்பாங்க.”

“நீயே திறக்கிறியா?”

“வேணாம். நீங்க பாருங்க. கையெல்லாம் அசதியா இருக்கு.”

பிளாஸ்திரி லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டி, இடது பக்கத்திலிருந்து மெதுவாக உரித்தார். ஐந்து கல்லூரிக்குப் போட்டிருந்தாள், ஐந்து கட்டம். இல்லை. இல்லை. இல்லை. மேடம் மூச்சை அடக்கிக்கொண்டார். இல்லை. கடைசிக் கட்டத்தில் பசை ஒட்டிக்கொண்டு எழுத்து மங்கித் தெரிந்தது. முந்தானையால் துடைத்தார். துடைத்துவிட்டுப் படித்தார். மறுபடி படித்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

அந்தப் பக்கம் அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மெல்ல, “சாப்பிட்டேன் மேடம்” என்றாள். “நீங்க கேக்க வேணாம். மத்தியானமே சாப்பிட்டேன்.”

“அடி பைத்தியமே!” மேடம் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “நான் எங்கடி கேட்டேன்? கிடைச்சிருக்குடி! ஒண்ணுதான், ஆனா கிடைச்சிருக்கு! எழுத்துல போட்டிருக்கான்!”

போனில் டோக்கன் மணி இரண்டு தடவை அடித்தது. யாரோ ஒரு ஆள், “நம்ம நம்பர் வந்திருச்சும்மா” என்று சொல்வது கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“ஆள் நிக்கறாங்க மேடம். போகணும்.”

“போம்மா. போய் வேலையைப் பாரு.”

“மேடம்.”

“என்னம்மா?”

“நீங்க சாப்பிட்டீங்களா?”

காலையில் வீட்டுக்காரர் கட்டிக்கொடுத்த டப்பா மேசை ஓரத்தில் அப்படியே இருந்தது, மூடிகூடத் திறக்கவில்லை. மேடம் அதைப் பார்த்தார்.

“இல்லம்மா” என்றார். “இன்னும் இல்ல.”